கோலாலம்பூர் வீடற்றவர்களை வைத்து ஒரு கொலைக்கதை எழுத என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

கேள்வி: கோலாலம்பூரில் அஞ்சடியில் (கடை முன்னால் உள்ள நடைபாதையில்) படுத்துறங்கும் வீடற்றவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்படுவதாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். துப்பறிபவர் ஒரு தமிழ் இன்ஸ்பெக்டர். நான் ஈப்போக்காரன், தலைநகர் எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. படிப்பவர்கள் நம்பும்படி எழுத எதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும்?

பதில்:

இந்த நகரத்தில் குற்றவியல் வழக்குகள் நடத்துகிறேன். ராத்திரியில் பொட்டலச் சோறு கொண்டுபோகும் ஒரு குழுவோடும் பல வருடமாகப் போய்வருகிறேன். இரண்டு பக்கமும் ஓரளவு தெரியும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மாற்றச் சொல்வேன். இன்ஸ்பெக்டர் பிணத்தைப் பார்க்கும் இடத்தில் கதையைத் தொடங்காதீர்கள். வீட்டில் இருக்கும் ஒருவர் காணாமல் போனால் மனைவியோ மகனோ முதலாளியோ போலீஸ் நிலையத்துக்கு ஓடுவார்கள். அஞ்சடியில் படுப்பவர் காணாமல் போனால் அதை முதலில் கவனிப்பவர் பக்கத்து அட்டையில் படுப்பவர்தான். அப்புறம் சோறு கொண்டு வருபவர்கள். அவர்களும் உடனே பதறுவதில்லை. "ஆப்ஸ்ல ஏத்திட்டுப் போயிட்டாங்க போல" என்று ஒருவர் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், பேச்சு வேறு பக்கம் போய்விடும். உங்கள் நாவலின் உயிர் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். அதை நம்ப மறுக்கும் ஒருவரைப் படைத்தீர்களானால் உங்களுடைய உண்மையான துப்பறிவாளர் அவர்தான். இன்ஸ்பெக்டர் அவருக்குப் பிறகுதான் வர வேண்டும்.

அந்த 'ஆப்ஸ்', அதாவது தெருவில் படுப்பவர்களை அதிகாரிகள் வந்து அழைத்துப்போகும் சோதனை, வெறும் சாக்கு இல்லை, அதற்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. 1977ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டம், மலாயில் அக்தா ஓராங் பாப்பா. தொந்தரவு தரும்படி பிச்சை எடுப்பவர் மட்டும் இதில் அடங்கவில்லை. பிழைக்க வழியோ தங்க இடமோ இருப்பதாகத் தெரியாமல் பொது இடத்தில் சும்மா இருப்பவரும் அடக்கம். சமூக நல அதிகாரி அவரை அழைத்துப்போய் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். மாஜிஸ்திரேட் முதலில் ஒரு மாதம்வரை காப்பகத்தில் வைத்து அறிக்கை கேட்கலாம். அறிக்கை வந்தபின் 3 வருடம்வரை அங்கேயே வைக்க உத்தரவிடலாம். அப்படி அனுப்பப்படும் டேசா பீனா டிரி காப்பகங்கள் ஜொகூரில் மெர்சிங், பகாங்கில் ஜெராண்டுட் என்று தூரத்தில் இருக்கின்றன. ஒரு குற்றமும் செய்யாத மனிதரை, சில்லறைத் திருட்டுக்கு உள்ளே போனவரைவிட அதிக காலம் அடைத்துவைக்க ஒரு சட்டம் இடம் தருவது எனக்கு நெடுநாள் வேதனை. அது தனிக் கதை.

உங்கள் கதைக்கு இதனால் என்ன பயன் என்று யோசித்துப் பாருங்கள். கொலைகாரன் உடலை மறைத்தால் போதும், ஆள் எங்கே என்ற கேள்விக்குப் பதிலை நகரமே சொல்லிவிடும். மெர்சிங்கில் இருப்பார், ஜெராண்டுட்டில் இருப்பார் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். உங்கள் கதாபாத்திரம் ஒருநாள் பஸ் ஏறி ஜெராண்டுட்வரை போய், அங்கே அந்தப் பெயரில் யாரும் வரவே இல்லை என்று தெரிந்துகொள்ளட்டும். முதல் பகுதியை அங்கே முடிக்கலாம்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். காணவில்லை என்று புகார் கொடுக்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். இங்கே அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. சொந்தக்காரராகவும் இருக்க வேண்டியதில்லை. ஆனால் முகப்பில் இருக்கும் போலீஸ்காரர் முதலில் கேட்பது ஆளின் முழுப்பெயரும் ஐசி (அடையாள அட்டை) நம்பரும். தெருவில் பழகியவருக்கு இரண்டும் தெரிந்திருக்காது. அங்கே ஒருவர் 'தைப்பிங் அண்ணே', இன்னொருவர் 'ஜாகா அங்கிள்' (ஜாகா என்றால் காவலாளி). பத்து வருடம் பக்கத்தில் படுத்தவருக்குக்கூட அதற்கு மேல் தெரியாமல் இருக்கலாம். புகார் கொடுக்கப் போனவர் அந்த இடத்தில் வாயடைத்து நிற்பதை நிதானமாக எழுதுங்கள்.

இடங்களைச் சொல்கிறேன். மஸ்ஜிட் ஜாமெக் எல்ஆர்டி நிலையத்தைச் சுற்றி, மேடான் பாசார், லெபோ அம்பாங், ஜாலான் துன் பேராக், கோத்தா ராயா, பழைய புடுராயாவான புடு சென்ட்ரல் பக்கம், ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான், அங்கிருந்து சௌகிட். எல்லாம் நடந்தே போகிற தூரம்தான். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் மஸ்ஜிட் ஜாமெக்கை ஒட்டிச் சேருகின்றன. கதையில் மழை வேண்டுமென்றால் ஏப்ரல், மே அல்லது அக்டோபர், நவம்பர் மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள், சாயங்கால இடிமழை அப்போதுதான் அதிகம். கடைகள் இரும்புக் கதவை இறக்கியபிறகுதான் அட்டை விரிப்பார்கள். பெண்கள் பெரும்பாலும் விளக்கு வெளிச்சம் உள்ள இடமாகப் பார்த்து, தெரிந்தவர் பக்கத்தில் படுப்பார்கள். காலணியைத் தலைக்கு அடியில் வைத்துக்கொள்வார்கள், பையின் வாரைக் கையிலோ காலிலோ சுற்றிக்கொள்வார்கள், ஐசியைப் பிளாஸ்டிக்கில் சுற்றி உள்பாக்கெட்டில் வைத்திருப்பார்கள். பை திருடுபோகாத ஆளைப் பார்ப்பது அரிது. ஐசி தொலைந்தால் புதிது எடுக்க அபராதமே 100 ரிங்கிட்டில் தொடங்கும், அடுத்தடுத்த முறை ஏறும். அந்தப் பணத்துக்கு வழியில்லாமல் அடையாள அட்டையே இல்லாமல் வருடக்கணக்கில் இருப்பவர்கள் உண்டு.

கேமரா எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும் என்று எழுதாதீர்கள். பெரிய சாலைகளில் மாநகராட்சியான டிபிகேஎல் வைத்த கேமராக்கள் இருக்கின்றன. கடை வரிசைகளின் பின்சந்துகளில் பெரும்பாலும் கடைக்காரர் வைத்ததுதான், அது அவருடைய பின்கதவைப் பார்த்துத்தான் இருக்கும்.

இவர்கள் எல்லோரையும் பிச்சைக்காரர்களாகக் காட்டினால் அந்த இடத்திலேயே நான் புத்தகத்தை மூடிவிடுவேன். வேலை செய்பவர்கள் ஏராளம். சாப்பாட்டுக்கடையில் மங்கு கழுவுகிறார்கள், ஜாகா வேலை பார்க்கிறார்கள், கட்டடம் கூட்டுகிறார்கள், காடி (கார்) நிறுத்த இடம் காட்டிச் சில்லறை வாங்குகிறார்கள், அட்டையும் டின்னும் பொறுக்கி எடைக்குப் போடுகிறார்கள். நாள்கூலியில் அறை வாடகையும் முன்பணமும் கட்ட முடியாததால் தெருவில் படுக்கிறார்கள். ஜாகா வேலைக்குக் கம்பெனி சீருடை போட்டுப்போய், ராத்திரி அதே சட்டையை மடித்துத் தலைக்கு வைத்துப் படுப்பவரை எழுதுங்கள். அவர் கொல்லப்பட்டால் மறுநாள் வேலைக்கு வராத ஆள் ஒருவர் இருப்பார், அதைக் கவனித்த சூப்பர்வைசர் ஒருவர் இருப்பார், வாங்காத சம்பளம் இருக்கும். இந்த மூன்றும் இன்ஸ்பெக்டருக்கு நூல் பிடிக்கக் கிடைக்கும்.

தமிழ் முதியவர்களின் பின்கதைக்குத் தோட்டம்தான் ஊற்று. சிலாங்கூரில் கித்தா (ரப்பர்) தோட்டங்கள் வீட்டுமனைகளாக மாறியபோது வேலையோடு லயத்து வீடும் போயிற்று. அங்கிருந்து நகரத்துப் புறம்போக்குக் கம்பம் (குடிசைப் பகுதி), அதையும் உடைத்தபிறகு அடுக்குமாடி, அதில் மகன் மருமகளோடு ஒத்துவராமல் தெரு. ஒரே ஆளின் வாழ்க்கையில் இவ்வளவும் நடந்திருக்கும். அதற்கும் முன்னால் போக விரும்பினால் 1969ஐப் பாருங்கள். குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. சிவப்பு ஐசி வைத்திருந்த எத்தனையோ தமிழர்கள் வேலை இழந்து கப்பலேறினார்கள். போகாமல் நின்றவர்களின் பிள்ளைகளில் சிலருக்குப் பிறப்புப் பத்திரமே சரியாக அமையவில்லை. பெற்றோர் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு திருமணத்தைப் பதிவு செய்யாமல் விட்டாலும் பிள்ளையின் குடியுரிமை சிக்கலாகலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிணவறையில் தேவைப்படும்.

பேச்சு வழக்கு: தமிழ் போலீஸ்காரர் வயதானவரை "அங்கிள், ஐசி இருக்கா?" என்றுதான் கேட்பார். பெரியவர் பதிலுக்கு "ஐயா" என்பார், பழைய பழக்கம் உள்ளவர் "துவான்" என்பார். தங்களுக்குள் பேசும்போது போலீஸ் என்றால் 'மாத்தா'. மலாய்க்காரரும் சீனரும் தமிழரை "அண்ணே" என்று கூப்பிடுவது இங்கே சகஜம். அஞ்சடியில் மூன்று இனமும் கலந்து படுக்கும். தமிழர்கள் மட்டும் தனியாக இருப்பதுபோல் காட்டினால் பொய்யாகத் தெரியும்.

இனி பிணம். காலையில் கடை திறக்க வந்தவர் எழுப்பிப் பார்க்கிறார், ஆள் எழவில்லை. வெளிக்காயம் இல்லை, வயது அறுபதுக்கு மேல், பக்கத்தில் சம்சு (மலிவுச் சாராயம்) போத்தல். போலீஸ் முதலில் திறப்பது திடீர் மரண அறிக்கைதான், எஸ்டிஆர் என்பார்கள். நீரிழிவு, இருதயம், காசநோய், குடி எல்லாம் தெருவில் ஆளைக் கொல்கின்றன. 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் பகுதியில் மெத்தனால் கலந்த மலிவு மது 30க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. ஆகவே முதல் இரண்டு கொலைகள் கொலையென்றே பதிவாகாமல் போவதை வாசகர் நம்புவார். போலீஸை அலட்சியக்காரராகவோ கெட்டவராகவோ காட்டத் தேவையில்லை. நல்ல மனிதர்கள் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்தும் உண்மை நழுவிப்போனது என்று எழுதினால் இன்னும் வலிக்கும்.

உடல் கோலாலம்பூர் பொது மருத்துவமனைக்குப் போகும். தேசியத் தடயவியல் மருத்துவக் கழகம் அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. போலீஸ் விண்ணப்பம் கொடுத்துப் பிரேதப் பரிசோதனை நடக்கும். விஷமோ மருந்தோ சந்தேகமானால் மாதிரிகள் பெட்டாலிங் ஜெயாவில் உள்ள இரசாயனத் துறைக்குப் போகும், பதில் வர நாளாகும். தொலைக்காட்சித் தொடரில் வருவதுபோல் மறுநாள் காலையில் முடிவு மேசையில் இருக்காது. பகலில் 33 டிகிரிவரை போகும் ஊர் இது, உடல் சீக்கிரம் கெடும். இறந்த நேரத்தை மருத்துவர் மணிக்கணக்கில் துல்லியமாகச் சொன்னதாக எழுத வேண்டாம்.

பெயர் கண்டுபிடிப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். ரேகை எடுத்துத் தேசியப் பதிவு இலாகாவில் ஒப்பிடுவார்கள். ஐசி கிடைத்தால் அதன் 12 எண்களே ஒரு சிறு வரலாறு. முதல் ஆறும் பிறந்த தேதி, அடுத்த இரண்டும் பிறந்த மாநிலம் (பேராக் 08, சிலாங்கூர் 10, கோலாலம்பூர் 14), கடைசி எண் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். 'தைப்பிங் அண்ணே' என்று எல்லோரும் கூப்பிட்டவரின் ஐசியில் நடுவில் 10 இருந்தால் உங்கள் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்காருவார். தைப்பிங்கில் பிறக்காதவருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? சிறை அங்கே இருக்கிறது, தைப்பிங் சிறையில் இருந்துவிட்டு வந்தவராக இருக்கலாம். பதிவே இல்லாத ஆளென்றால் ரேகை எதையும் காட்டாது. மூன்று தலைமுறையாக இந்த நாட்டில் இருந்தவர், சொந்த நாட்டின் பதிவேட்டில் இல்லாமல் குளிர்பெட்டியில் கிடப்பார். என்னைக் கேட்டால் நாவலின் நடுப்பகுதியை முழுக்க அந்த உடலுக்கே கொடுப்பேன்.

உரிமை கோரப்படாத உடலுக்கு மதம் எது என்ற கேள்வியும் வரும். இஸ்லாமியர் என்று உறுதியானால் மத இலாகா அடக்கம் செய்யும். மற்றவர்களுக்குத் தொண்டு அமைப்புகள் முன்வருவது உண்டு. 1974ஆம் ஆண்டின் அனாட்டமி சட்டப்படி யாரும் கேட்காத உடல் மருத்துவக் கல்விக்கும் போகலாம். முஸ்லிமாகப் பதிவானவரின் மைகார்டில் (ஐசியில்) இஸ்லாம் என்று அச்சாகியிருக்கும், குடும்பம் அவரை இந்துவாகவே நினைத்திருக்கலாம். 1997 மலேசிய எவரெஸ்ட் குழுவில் இருந்த மூர்த்தி 2005இல் இறந்தபோது, அவர் மதம் எது என்று உடலுக்காக எழுந்த வழக்கு நினைவிருக்கும். இதைத் தொடுவதானால் மிகப் பொறுப்போடு தொடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கொலைகாரன் யார், ஏன் கொல்கிறான் என்பதற்கு வருகிறேன். நடைபாதைவாசிகளைக் கொன்ற வழக்குகள் உலகில் உண்டு. பம்பாயில் ராமன் ராகவ் 1968இல் பிடிபட்டான். அதற்கு முன்பே ஒருமுறை போலீஸ் அவனைப் பிடித்து, ஆதாரமில்லாமல் விட்டிருந்தது. மரண தண்டனை விதித்தார்கள், மனநோயாளி என்பதால் அது ஆயுளாகக் குறைந்தது. 1989இல் கல்கத்தாவில் நடைபாதையில் தூங்கியவர்களின் தலையில் கல்லைப் போட்டுக் கொன்றவன் இன்றுவரை யாரென்று தெரியாது. 2020 நவம்பரில் தோக்கியோவில் பஸ் நிறுத்த இருக்கையில் தூங்கிய ஒரு வயதான பெண்ணை அடித்துக் கொன்றவர், அவர் அங்கிருந்து போக வேண்டும் என்று நினைத்ததாகச் சொன்னார். இவற்றைப் படித்துவிட்டு 'பைத்தியக்காரக் கொலைகாரன்' பக்கம் போய்விடாதீர்கள். மனநோயோடு மருந்தில்லாமல் தெருவில் இருப்பவர்கள் பலர், அவர்கள் யாரையும் தொடுவதில்லை, அடிவாங்குபவர்கள் அவர்கள்தான். உங்கள் நாவல் அவர்கள்மீது இன்னொரு பயத்தைச் சுமத்தக் கூடாது.

கோலாலம்பூருக்கே உரிய காரணம் வேறு இருக்கிறது: பெயர். வீடற்றவரிடம் பணமில்லை, ஆனால் ஐசி இருக்கிறது, கட்டைவிரல் இருக்கிறது. ஒருவன் வந்து சாப்பாடு வாங்கித் தருகிறான், பேச்சுக் கொடுக்கிறான், சட்டை வாங்கிக் கொடுத்து வங்கிக்கு அழைத்துப்போகிறான். கணக்குத் திறந்து ஏடிஎம் கார்டை வாங்கிக்கொண்டு கொஞ்சம் ரிங்கிட் கொடுக்கிறான். அந்தக் கணக்கில் மோசடிப் பணம் புரள்கிறது. இதைத்தான் இங்கே கெல்டாய் அகாவுன் என்கிறார்கள். மோசடி வெளிப்பட்டதும் போலீஸ் தேடுவது கணக்குக்காரரைத்தான். தன்னை வங்கிக்குக் கூட்டிவந்த முகம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கொல்வதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டுமா? வணிகக் குற்றப் பிரிவு ஒரு பெயரைச் சந்தேக நபராகத் தேடிக்கொண்டிருக்கிறது. கொலைகளை விசாரிக்கும் டி9 பிரிவில் பெயரில்லாத உடல் ஒன்றின் கோப்பு இருக்கிறது. இரண்டும் ஒரே மனிதர் என்று யாருக்கும் தெரியாது. இன்ஸ்பெக்டர் இந்த இரண்டு கோப்பையும் ஒரே மேசையில் வைக்கும் அத்தியாயத்துக்காகவே நான் உங்கள் புத்தகத்தை வாங்குவேன்.

இன்ஸ்பெக்டரை எங்கே உட்காரவைப்பது? மேடான் பாசார், மஸ்ஜிட் இந்தியா பக்கமெல்லாம் டாங் வாங்கி மாவட்டப் போலீஸ் தலைமையகத்தின் கீழ் வரும். தொடர்கொலை என்று தெரிந்தபின் ஜாலான் ஹாங் துவாவில் உள்ள கோலாலம்பூர் தலைமையகத்தின் டி9 கையில் எடுக்கும். அவர் தனியாக எதையும் முடிக்க முடியாது, குற்றஞ்சாட்டுவதா இல்லையா என்று முடிவெடுப்பது அரசுத் தரப்பு வழக்கறிஞர். பிடித்தவரை 24 மணி நேரத்துக்குமேல் வைக்க மாஜிஸ்திரேட்டிடம் ரிமாண்ட் வாங்க வேண்டும். கொலை வழக்கில் முதலில் ஏழு நாள்வரை, இரண்டாம் முறை மேலும் ஏழு நாள்வரை கிடைக்கும்.

லோக்காப்பில் கொலைகாரன் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளும் காட்சியை ஏற்கெனவே எழுதியிருந்தால் அதை வைத்து வழக்கை முடிக்காதீர்கள். 2007 செப்டம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, கைதானவர் போலீஸிடம் சொன்ன வாக்குமூலத்தை அவருக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது. ஆனால் அவர் சொன்னதை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால், சாட்சியச் சட்டத்தின் 27ஆவது பிரிவுப்படி அந்தப் பகுதி செல்லும். ஆகவே அவன் வாயிலிருந்து வர வேண்டியது ஓர் இடம். ஏடிஎம் கார்டுகளைப் புதைத்த இடம், ஐசிகளைக் கட்டிவைத்த பை.

சாட்சிகளும் நெருக்கடி தருவார்கள். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குற்றச்சாட்டைப் படிக்கும்போது கொலைக்குப் பதில் கேட்க மாட்டார்கள், வழக்கு உயர்நீதிமன்றத்துக்கு மாறி ஜாலான் டூத்தாவில் நடக்க மாதக்கணக்காகும். அதற்குள் நேரில் பார்த்த ஒரே சாட்சி எங்கே? அவருக்கு முகவரி இல்லை, சம்மன் கொடுக்க முடியாது. ஒருவேளை ஆதரவற்றோர் சட்டத்தில் பிடிபட்டு இந்தமுறை உண்மையாகவே ஜெராண்டுட்டில் இருக்கலாம். முதலில் கொலைகளை மறைத்த அதே சட்டம் கடைசியில் சாட்சியைப் பத்திரமாக வைத்திருக்கிறது. இதை நீங்கள் பயன்படுத்தினால் எனக்கு மகிழ்ச்சி.

எழுத உட்காரும்முன் கதை நடக்கும் வருடத்தை முடிவு செய்யுங்கள், அதைப் பொறுத்து எல்லாம் மாறும். 2014 ஜூலையில் வைத்தால், புக்கிட் பிந்தாங் லாட் 10 பேரங்காடியின் சுற்றுவட்டத்தில் 2 கிலோமீட்டருக்குள் சோறு கொடுக்கக் கூடாது என்று அன்றைய கூட்டரசுப் பிரதேச அமைச்சர் அறிவித்து, பெரிய எதிர்ப்பு எழுந்த காலம் அது. 2020 மார்ச் 18க்குப் பிறகு வைத்தால் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டில் தெரு காலி, வீடற்றவர்களை மண்டபங்களில் கொண்டுபோய்த் தங்கவைத்தார்கள், கொலைகாரன் மண்டபத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும். 2023 ஜூலை 4க்கு முன் தீர்ப்பு வந்தால் கொலைக்குத் தூக்கு மட்டும்தான். அதற்குப் பின் என்றால் நீதிபதி தூக்கோ 30 முதல் 40 வருடச் சிறையோ தரலாம், சிறையென்றால் குறைந்தது 12 ரோத்தான் (பிரம்பு) அடியும் உண்டு. வங்கிக் கணக்கை இரவல் கொடுத்து வாங்குவதற்கென்றே தனிப் பிரிவுகள் 2024 திருத்தத்தில்தான் வந்தன. எனவே கெல்டாய் அகாவுன் வழியை எடுத்தால் அதற்குப் பிந்தைய வருடத்தில் வைப்பதுதான் வசதி.